பெட்டிக்குள் திரும்பிய அலை

நான் தரையில் படுத்துத்தான் யோசிப்பேன். கோச்சடையில் எங்கள் வீட்டு ஹாலில் மொசைக் தரை. மத்தியானம் வெயில் ஏறி, தெருவில் நாய்கூட நடமாடாத நேரத்தில், அந்தத் தரையில் மட்டும் கொஞ்சம் குளிர்ச்சி மிச்சமிருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினால் எனக்கு வாயு தெரியும். அசையாமல், நிறமில்லாமல், எங்கேயோ ஓர் இருட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குள் ஒரு சுழலை வைத்துப் பார்ப்பேன், எடுத்துப் பார்ப்பேன், அதன் பக்கத்தில் இன்னொன்றை வைப்பேன். என் அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்கு யாராவது வந்தால் குரலைத் தாழ்த்தி, "மக ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கா" என்பாள். வந்தவர்கள் என்னை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத் தூங்கட்டும் டீச்சர், நாங்க சாயங்காலமா வாரோம்" என்று போய்விடுவார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் எழுந்து போய் விளக்கினால் மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது? ஒரு முறை மாதா கோயில் பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு அத்தை நிறுத்திக் கேட்டார், என்ன வேலை என்று. அணுக்களைக் குளிர வைத்தால் என்ன செய்யும் என்று கணக்குப் போடுகிற வேலை என்றேன். "ஐஸ் கம்பெனியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதிகுளிர் வாயு என்பதை இப்படிச் சொல்லலாம். அணுக்களைக் குளிர வைத்துக்கொண்டே போனால் அவற்றின் ஓட்டம் அடங்கும். இதற்கு மேல் குளிர முடியாது என்று ஓர் அடிமட்டம் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு டிகிரியில் கோடியில் ஒரு பங்கு மட்டும் மிச்சம் இருக்கும் அளவுக்குக் கொண்டுபோனால், ஒவ்வொரு அணுவும் தான் எங்கே இருக்கிறோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் பரந்து போகும். பக்கத்து அணுவின் மேல் படரும். கடைசியில் எது எந்த அணு என்ற பேச்சே இல்லாமல் எல்லாம் சேர்ந்து ஒரே அலையாகிவிடும். இதை நான் எத்தனையோ தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் வருவதற்குச் சற்று முன்னால் இருக்கும் அந்த நிலை ஞாபகம் வரும். நாம் எங்கே முடிகிறோம், பாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போகுமே, அது.

அந்தக் குளிரை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. அதை உண்டாக்கும் லேசர்களும் காந்தங்களும் வேறு ஊர்களில், வேறு நாடுகளில் இருந்தன. நாங்கள் கோட்பாட்டுக்காரர்கள். எங்களிடம் ஒரு சமன்பாடு, இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒரு கரும்பலகை. ஊருக்கு மேற்கே, வெட்டவெளியில் கட்டிய பல்கலைக்கழகக் கட்டடத்தின் மாடியில் எங்கள் அறை. மேலே நேரடியாக மொட்டை மாடி. ஏசி கிடையாது. உலகத்திலேயே மிகக் குளிர்ந்த பொருளைப் பற்றி நாங்கள் கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு கணக்குப் போட்டோம்.

நாங்கள் என்று சொல்வது என்னையும் என் தோழியையும். அவள் சோழவந்தான்காரி. அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவள் அவள்தான், நின்றது ஆராய்ச்சியில். அவளுக்கும் எனக்கும் ஒரே கைடு, ஒரே சமன்பாடு, வேறு வேறு கேள்விகள். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் பையைப் போடும் முன்னாலேயே சண்டை தொடங்கும். "நேத்து நீ சொன்னது தப்புடி" என்பாள். நான் "எது, எல்லாமேவா?" என்பேன். சண்டை முடியும்போது ஏதாவது ஒன்று புரிந்திருக்கும். அவள் இல்லாத நாட்களில் எனக்கு எதுவும் ஓடாது. தரையில் படுத்து வாயுவைப் பார்ப்பது என் வழக்கம். பார்த்ததை அவளிடம் சொன்ன பிறகுதான் அது உண்மையிலேயே பார்த்ததாகும்.

அவளுடைய கேள்வி எளிமையானது. நீளமான, மெல்லிய குழாய் போன்ற ஓர் இடத்தில் அந்த வாயு கிடக்கிறது. நட்ட நடுவில் லேசாக ஒரு தட்டு தட்டினால் இடமும் வலமுமாக இரண்டு சின்ன அலைகள் கிளம்பும். அச்சுப் பிசகாமல் ஒன்றைப் போல இன்னொன்று. அவை எவ்வளவு தூரம் போகும், போகப் போக எப்படித் தேயும்? இவ்வளவுதான். கம்ப்யூட்டரில் அதை ஓட்டி, குழாயின் நடுப்பகுதியை மட்டும் படமாக்கி வைப்பாள். நீலத்தில் ஒரு நீளக் கோடு, அதன் நடுவில் வெளிச்சம் பிரிந்து இரு பக்கமும் நழுவிப் போகும்.

அந்த வருடம் சித்திரைத் திருவிழாவுக்கு விடுமுறை விட்டார்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் பஸ்ஸும் ஓடாது, எவனும் வேலைக்கும் வரமாட்டான். அறையைப் பூட்டப் போகும்போது அவள் சொன்னாள்:

"எப்படியும் ஒரு வாரம் இந்தப் பக்கம் வரப்போறதில்ல. மிசின் சும்மாதான கிடக்கும்? ஓட விட்டுட்டுப் போறேன், அது பாட்டுக்கு ஓடட்டும்."

"ஓடட்டும் ஓடட்டும். நம்ம அப்பன் வீட்டுக் கரண்டா?" என்றேன்.

வழக்கமாக ஓடவிடும் நேரத்தைப் போலப் பல மடங்கு போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினாள். இருவரும் திருவிழாக் கூட்டத்தில் ஒரு சாயங்காலம் சந்தித்துக்கொண்டோம். தண்ணீர் பீய்ச்சுகிறவர்களிடம் மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து, ஜிகர்தண்டா குடித்து, செருப்பைத் தொலைத்து, நல்ல பிள்ளைகளாக வீடு போய்ச் சேர்ந்தோம். வாயுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அறை முழுக்க அனலும் தூசியும். அவள் துப்பட்டாவால் திரையைத் துடைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டாள். எப்போதும் போல இரண்டு அலைகளும் கிளம்பின, விலகின, படத்தின் ஓரத்துக்குப் போய் மறைந்தன. அதோடு எங்களுக்குப் படம் முடிந்த மாதிரி. ஆனால் இந்த முறை முடியவில்லை. வெறும் நீலம் ஓடிக்கொண்டே இருந்தது. டீ குடிக்கப் போகலாமா என்று கேட்கப் போனேன். அப்போது இரண்டு ஓரத்திலும் மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. இரண்டு அலைகள். அவசரமே இல்லாமல் வந்தன. நடுவில், கிளம்பிய அதே இடத்தில் வந்து சேர்ந்தன. ஒரு கணம் அந்த இடம் பளிச்சென்றது.

அவள் மறுபடி ஓட்டினாள். மறுபடியும். மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டோம். ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடு வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"போனது திரும்பி வருதுடி" என்றாள்.

எங்கள் கணக்குப்படி அப்படி வருவதற்குக் காரணம் எதுவும் இல்லை. குழாயில் சுவர் இல்லை, தடுப்பு இல்லை. அப்படியானால் வாயுவே அலையைத் திருப்பி அனுப்புகிறது, வாயுவுக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படித்தான் நாங்கள் பேசிக்கொண்டோம். அந்தக் கோடை முழுவதும் எனக்கு அதே நினைப்பு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும், வைகையில் தண்ணீர் வந்த நாளில் பாலத்தின் மேல் நின்றாலும், உள்ளுக்குள் அந்த நீலம் ஓடிக்கொண்டே இருக்கும். என் கேள்வியைக் கிடப்பில் போட்டுவிட்டு அவளுடைய அலையைப் பற்றிக் கனவு கண்டேன். எங்கள் கைடு சாரைப் பார்ப்பதே அப்போது குதிரைக்கொம்பு. தரச் சான்று கொடுக்கும் குழு வருகிறது என்று ஃபைலும் கையுமாக அலைந்துகொண்டிருந்தார். நின்றபடியே படத்தைப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கும்மா, எழுது" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்கு ஓடினார்.

அவள் எழுதினாள். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அதுதான் என்று, ஆய்வேட்டுக்கு முன்னால் கொடுக்கும் சுருக்கமான சினாப்சிஸில் போட்டுக் கொடுத்தாள். ஒரு கருத்தரங்கில் போய்ப் பேசியும் வந்தாள். அங்கே வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வாய்மொழித் தேர்வான வைவா முடிந்ததும் என்னிடம் வா, இந்த அலையைத் துரத்துவோம், இரண்டு வருட வேலை தருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அந்த வேலை எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல வேண்டும். அவள் கல்யாணமாகி சமயநல்லூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, வாரக் கடைசியில் வந்து போவார். தங்கமான மனிதர்தான். வடக்கே உனக்கு வேலை கிடைத்தால் நானும் அந்தப் பக்கம் மாற்றல் கேட்கிறேன், இல்லையென்றால் படிப்பு முடிந்ததும் ஓசூருக்கு வந்துவிடு என்று அவளோடு பேசி வைத்திருந்தார். ஓசூரில் அவளுக்குக் கணவர் உண்டு, வீடு உண்டு. இயற்பியல் கிடையாது. ஆக அந்த ஒரு அத்தியாயம் நின்றால் அவள் எங்கள் உலகத்தில் இருப்பாள். விழுந்தால் போய்விடுவாள்.

மழைக்காலம் தொடங்கியபோது அவள் நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். பஸ்ஸில் அலைய வேண்டாம் என்று மருத்துவர் சொல்ல, வீட்டிலிருந்தே எழுதினாள். அறையில் நான் மட்டும். ஒரு நாள் என் கணக்குக்கு அவளுடைய புரோகிராமை எடுத்தேன். என்னுடையதற்கு நீளமான இடம் வேண்டும். அதனால் பெட்டியின் அளவை இரண்டு மடங்காக்கினேன்.

இந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். கம்ப்யூட்டருக்கு முடிவில்லாத குழாயைக் கொடுக்க முடியாது. ஏதோ ஒரு நீளத்துக்கு வெட்டித்தான் கொடுக்க வேண்டும். அதற்குப் பெட்டி என்று பெயர். வெட்டிய ஓரத்தில் என்ன செய்வது? கணக்கு வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக வலது ஓரத்தையும் இடது ஓரத்தையும் ஒட்டிவிடுவோம். வலது பக்கம் வெளியே போகிற எதுவும் இடது பக்கம் வழியாக உள்ளே வந்துவிடும். முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தருகிற பாடம் இது: அலை ஓரத்தைத் தொடும் முன் கணக்கை நிறுத்து, இல்லையென்றால் பெட்டியைப் பெரிதாக்கு. அந்தத் திருவிழா வாரத்தில் அவள் நேரத்தைக் கூட்டினாள். பெட்டியைக் கூட்டவில்லை. இடது பக்கம் போனது வலது பக்கமிருந்து வந்தது, வலது பக்கம் போனது இடது பக்கமிருந்து வந்தது. இரண்டும் ஒன்று போலவே இருந்ததால் எது எது என்று யாருக்கும் தெரியவில்லை.

இது எனக்கு உடனே உறைக்கவில்லை. பெரிய பெட்டியிலும் அலை திரும்பி வந்தது, கொஞ்சம் தாமதமாக. முதலில் சந்தோஷப்பட்டேன். அட, இங்கேயும் வருகிறதே என்று. பிறகு எவ்வளவு தாமதம் என்று பார்த்தேன். பெட்டி இரண்டு மடங்கு, நேரமும் இரண்டு மடங்கு. பெட்டியை நான்கு மடங்காக்கினேன். நேரமும் நான்கு மடங்கானது. அலையைத் திருப்பி அனுப்பியது வாயு இல்லை, நாங்கள் வெட்டிய வெட்டு. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே வந்து, எந்த பஸ் என்று பார்க்காமல் ஏறி, பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து திரும்பி கோச்சடைக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு அவளுக்கு வளைகாப்பு. பூசைக்குப் போய்விட்டு, ஸ்கூட்டியில் விளாங்குடி, பரவை தாண்டிச் சமயநல்லூர் போனேன். வழியெல்லாம் சொல்லலாமா வேண்டாமா என்றே வண்டி ஓட்டினேன். இன்றைக்குச் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தபோது வீடு வந்துவிட்டது. வாசலில் பந்தல், மைக்செட், நாற்காலிகள். மாமியார் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

"வாத்தா. உன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா. இந்தா, இவதான் கூடப் படிக்கிற புள்ள" என்று உறவுக்காரப் பெண்களுக்கு அறிமுகம் செய்தார். "எங்க மருமக என்னமோ அலையக் கண்டுபுடிச்சிருக்காளாம்ல. போனது திரும்ப வருமாம். வடக்க இருந்து ஆளு வந்து கூப்புடுறாக."

நான் சிரித்து வைத்தேன். அவளை நடுவில் நாற்காலியில் உட்கார வைத்து, முதலில் வேப்பங்காப்பு, பிறகு பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள், சந்தனம், பன்னீர். கல்யாணமாகாத எனக்கு அங்கே வேலை இல்லை. ஓரமாக உட்கார்ந்து கலந்த சாதத் தட்டை மடியில் வைத்திருந்தேன். எல்லோரும் சாப்பிடப் போனதும் அவள் என்னைக் கண்ணால் கூப்பிட்டு உள்ளறைக்குப் போனாள். கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தாள். முழங்கை வரை வளையல்.

"என்னடி மூஞ்சி?"

"ஒண்ணுமில்ல. வெயில்ல வந்தது."

"தை மாசத்துல வெயிலு. புளியோதரையத் தொடாம வச்சிருக்க நீ." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "பெட்டியப் பெருசாக்கிப் பாத்துட்டியா?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சுக்கல." வளையல்களைத் தள்ளிவிட்டுக்கொண்டே பேசினாள். "கருத்தரங்கு முடிஞ்சு ட்ரெயின்ல வரும்போது ஒருதடவ தோணுச்சு. பாக்கணும்னா எம்புட்டு நேரம் ஆகப்போகுது? ஒரு எண்ண மாத்துனாப் போதும். மாத்தல."

"ஏன்டி?"

"அம்புட்டு அழகா வந்துச்சுல்ல." பிறகு எங்கள் அறையில் கேட்பது போலவே கேட்டாள்: "திரும்ப எம்புட்டு நேரம் ஆச்சு?"

"பெட்டி ரெண்டு மடங்குன்னா நேரம் ரெண்டு மடங்கு. நாலுக்கு நாலு."

கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பச் சரி" என்றாள்.

அந்தச் சரியைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியாத கோபம். "என்னடி சரி? என்ன சரி? அந்த வேல போயிரும். ஓசூருக்கு மூட்டையக் கட்டணும். வேற ஏதாச்சும் பண்ணலாம். அந்த அத்தியாயத்த அளவோட எழுதுவோம், கணக்குல சில திருத்தம் செஞ்சோம்னு ஒரு வரி போடுவோம். எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க. யாரு வந்து கேக்கப் போறா?"

"நீ கேப்பேல்ல" என்றாள்.

வெளியே யாரோ அவளைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள். நான் அந்தப் புளியோதரையை முழுவதும் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். காலமெல்லாம் பிள்ளைகளின் தப்புக் கணக்குக்கு முட்டை போட்ட கை அது. வழி தப்பாக இருந்து விடை சரியாக வந்தாலும் கோடு போட்டு அடித்துவிடுவாள் என்று பெயர் வாங்கியவள். அவள் கேட்டாள்: "புள்ளத்தாச்சிப் பொண்ணு. நீ சொல்லாம இருந்திருக்கலாமேம்மா?" நான் தரையில் போய்ப் படுத்துக்கொண்டேன். கண்ணை மூடினால் வாயு தெரியவில்லை. மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

பெண் குழந்தை பிறந்தது. சோழவந்தானில் அம்மா வீட்டில் குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு அவள் கடைசி அத்தியாயத்தைப் புதிதாக எழுதினாள். நான் இங்கே அறையிலிருந்து அவளுக்காகக் கணக்கை ஓட்டினேன். பெட்டியைப் பெரிதாக்கு என்பாள், ஆக்குவேன். இன்னும் என்பாள். கம்ப்யூட்டர் திணறும். ஃபோனில் பின்னால் குழந்தை அழும், அவள் தாலாட்டுக்கும் கணக்குக்கும் ஒரே குரலில் பேசுவாள். பெரிய பெரிய பெட்டிகளில் அலை போய்க்கொண்டே இருந்தது. மெலிந்து, மங்கி, ஓரத்தைத் தொடுவதற்கு வெகு முன்னாலேயே நீலத்தில் கரைந்துவிட்டது. அது எப்படிக் கரைகிறது என்று அவள் எழுதிய பக்கங்கள் நேர்மையான, சுமாரான பக்கங்கள். யாரும் கருத்தரங்கில் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டும்படி இல்லை. கைடு சார் படித்துவிட்டுப் பழைய சினாப்சிஸைத் தேடி எடுத்துப் பார்த்தார். "நானும் பார்த்திருக்கணும்மா" என்றார்.

வைவாவுக்கு வெளித் தேர்வாளராக வந்தவர் அந்த வடக்கத்திப் பேராசிரியரேதான். எங்கள் ஊரில் வைவா ஒரு விசேஷ வீடு மாதிரி. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பின் வரிசையில் அவளுடைய அப்பா வெள்ளை வேட்டியில், பக்கத்தில் மாமியார், லீவு போட்டு வந்த கணவர். குழந்தை என் மடியில். அவள் பேசி முடித்ததும் பேராசிரியர் சினாப்சிஸை ஒரு கையிலும் ஆய்வேட்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார். இதில் அலை திரும்பி வருகிறது என்று இருக்கிறது, அதில் வரவில்லை என்று இருக்கிறது, இடையில் என்ன நடந்தது?

சில திருத்தங்கள் செய்தோம் என்று சொல்லுடி என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். மாதாவே, அவள் அதை மட்டும் சொல்லட்டும்.

"பெட்டி சிறியதாக இருந்தது, சார். திரும்பி வந்தது பெட்டியால். நான் அதைச் சோதித்திருக்க வேண்டும்."

"முதல் வாரப் பாடம் அது. ஏன் சோதிக்கவில்லை?"

"அது திரும்பி வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது, சார்."

அறையில் சிலர் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. "பிறகு எவ்வளவு பெரிய பெட்டி வரைக்கும் போனீர்கள்?" என்றார். அவள் அளவைச் சொல்லியிருக்கலாம், அது அவள் விரல் நுனியில் இருந்தது.

"இனி வராது என்று நான் நம்புகிற வரைக்கும், சார்."

அவர் ஆய்வேட்டை மூடி வைத்தார். வேறு இரண்டு கேள்விகள் கேட்டார், அவள் நன்றாகச் சொன்னாள். பட்டம் தரலாம் என்று அறிவித்தார்கள். மாமியார் ஆங்கிலம் புரியாமலே எல்லோருக்கும் முந்திக்கொண்டு கை தட்டினார்.

வைவா முடிந்தால் பட்டம் வாங்கியவர் வீட்டார் எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டும். அது எழுதாத சட்டம். கேன்டீனுக்குப் பின்னால் பந்தி. அவளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வடை பரிமாறினாள். பேராசிரியர் இலைக்கு முன்னால் அவள் குனிந்தபோது நான் குழந்தையோடு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் தாழ்ந்த குரலில், நல்ல முறையிலேயே சொன்னார். அந்த வேலைக்கு வந்த பணம் அந்த அலைக்காக வந்தது. இப்போது அந்த அலை இல்லை. எனக்கு வேறு வழியில்லை. அவள் "தெரியும் சார்" என்றாள். "இன்னொரு வடை வைக்கவா?" என்றாள். அவர் போதும் என்று இலையின் மேல் கையை விரித்தார்.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போய்விட்டேன். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். குழந்தை என் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கரண்டியும் கையுமாகத் தேடிக்கொண்டு வந்தாள்.

"ஏய், என்னடி இது. போனது எனக்கு. நீ ஏன் அழுகுற?"

"உனக்கு என்னடி போச்சு? உனக்கு ஓசூர் இருக்கு, அண்ணன் இருக்காரு, பாப்பா இருக்கு. எனக்குத்தான்டி போச்சு. காலையில அந்த ரூமத் தொறந்து நான் யார்கிட்டடி பேசுவேன்?"

எத்தனை வருடச் சண்டையில் நான் சொன்ன எதற்கும் அவளிடம் பதில் இல்லாமல் இருந்ததில்லை. இப்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினாள். பந்தியிலிருந்து மாமியார், "டாக்டரம்மா, பாயசம் ஊத்தணும், வாத்தா" என்று சத்தம் கொடுத்தார்.

"வாரேன் அத்தே" என்றாள். ஆனால் போகவில்லை.